அகதிக் குடியிருப்புகளில் குழந்தைப் பாதுகாப்பு: இந்திய அனுபவம் கற்பிக்கும் பாடங்கள்

போரோ, கலவரமோ, அடக்குமுறையோ மக்களைப் பெருந்திரளாக இடம்பெயரச் செய்யும்போது ஆட்சித்துறையின் கண்ணுக்கு முதலில் தென்படுவது எண்ணிக்கையே ஆகும். எத்தனை பேர் எல்லை கடந்தனர், எத்தனை கூடாரங்கள் தேவை, நாளொன்றுக்கு எத்தனை குவிண்டால் தானியம் வேண்டும் என்பனவே முதல் நாள் கேள்விகள். இவை தவிர்க்க இயலாதவை. ஆயினும் இக்கணக்குகள் யாவும் குடும்பத்தை அலகாகக் கொண்டவை. பங்கீட்டு அட்டை குடும்பத் தலைவரின் பெயரில் வழங்கப்படுகிறது. அதில் குழந்தை என்பது ஓர் எண்ணாக மட்டுமே இடம்பெறுகிறது. குடும்பம் சிதையாத வரையில் இம்முறை ஓரளவு பயன் தரும். குடும்பமே சிதைந்துபோன நிலையில், குழந்தை எந்த அட்டையிலும் இல்லாமற் போகிறது. அல்லது தனக்கு உறவல்லாத ஒருவரின் அட்டையில் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிடுகிறது.

அகதிக் குடியிருப்புகளில் குழந்தைப் பாதுகாப்புப் பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. உணவும் மருந்தும் வழங்குவது துயர் துடைப்புப் பணி. அவ்வுணவும் மருந்தும் ஒவ்வொரு குழந்தையையும் சென்றடைகின்றனவா, அக்குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அது கடத்தலுக்கோ, சுரண்டலுக்கோ, வன்முறைக்கோ ஆளாகாமல் இருக்கிறதா என்று கண்காணிப்பதே பாதுகாப்புப் பணி. முன்னது பொருளைப் பற்றியது. பின்னது பொறுப்பைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பல முகாம்களில் இரண்டாவது பணி எவருடைய பணியுமாக இல்லாமற் போகிறது.

விடுதலை பெற்ற நாள் முதலாக அகதிகளை ஏற்று வந்துள்ள நாடு இந்தியா. இத்துறையில் நமக்குக் கிடைத்த அனுபவம் பரந்தது. அவற்றுள் மூன்று கட்டங்களையும், அவை கற்பிக்கும் பாடங்களையும், இன்றைய சட்ட ஏற்பாடுகளையும், முகாம் அளவில் செய்ய வேண்டிய பணிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதற் கட்டம்: பிரிவினையும் பிரிந்த குழந்தைகளும்

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்கிலும் கிழக்கிலும் கோடிக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் துயர் துடைப்பு, மறுவாழ்வு ஆகியவற்றுக்கென மத்திய அரசில் தனி அமைச்சகம் தோற்றுவிக்கப்பட்டது. கிழக்குப் பஞ்சாபின் குருட்சேத்திரத்தில் அமைந்த முகாமே அன்று மிகப் பெரியது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் அங்குத் தங்கினர். உணவும் கூடாரமும் வழங்குவதற்கே அதிகாரிகளுக்கு நேரம் போதாதிருந்த அந்நாளிலும், மாலை வேளைகளில் பெருந்திரைகள் கட்டி, மிக்கி மவுஸ் போன்ற கேலிச்சித்திரப் படங்கள் காட்டப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. அச்சத்தைக் கண்ட குழந்தைக்குச் சிரிப்பும் ஒரு மருந்து என்பதை எந்தப் பாடநூலும் எழுதுவதற்கு முன்பே முகாம் பணியாளர்கள் உணர்ந்திருந்தனர்.

ஆனால் அக்காலத்தின் கடினமான பாடம் வேறொரு துறையில் கிடைத்தது. கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் மீட்பதற்கு 1947 டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் உடன்பாடு கண்டன. இந்தியாவில் இதற்கென 1949-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவர்கள், எந்த வயதினராயினும் பெண்கள், குறிப்பிட்ட தேதிக்குப் பின்னர் அப்பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஆகியோர் அச்சட்டத்தின் வரையறைக்குள் வந்தனர். இரு நாடுகளிலுமாகச் சுமார் 30 ஆயிரம் பேர் மீட்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மிருதுளா சாராபாய், கமலாபென் படேல் முதலியோர் இப்பணியில் காட்டிய துணிவு போற்றத்தக்கது.

எனினும் இச்சட்டத்தில் ஒரு குறை இருந்தது. மீட்கப்பட வேண்டியவரின் விருப்பத்தைக் கேட்பதற்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. கடத்தப்பட்ட பின் பிறந்த குழந்தை எந்த நாட்டைச் சேர்ந்தது, தாயுடன் செல்வதா, தந்தையிடம் விடப்படுவதா என்ற வினா எழுந்தபோது, அரசுகளுக்கிடையே நடந்த பேச்சுகளிலேயே அதற்கு விடை தேடப்பட்டது. பல தாய்மார்கள் கைக்குழந்தையை விட்டுவிட்டு எல்லை கடக்க நேரிட்டது. 1957-இல் இச்சட்டம் காலாவதியாயிற்று. நல்ல நோக்கத்துடன் தொடங்கிய மீட்புப் பணி மற்றொரு பிரிவை உண்டாக்கக்கூடும் என்பதும், குழந்தையை ஒரு சமுதாயத்தின் உடைமையாகவோ நாட்டின் உடைமையாகவோ கருதாமல் அதன் சொந்த நலனையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதும் அக்கட்டத்தின் படிப்பினை. இன்று அனைத்துலகச் சட்டம் குழந்தையின் உயர் நலன் என்று கூறும் கோட்பாடு, நம்மைப் பொறுத்தவரையில் அத்தாய்மார்களின் கண்ணீரிலிருந்து கற்ற பாடமாகும்.

இரண்டாம் கட்டம்: சாலைப் பணி முகாம்களிலிருந்து குழந்தைகள் கிராமம் வரை

1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் இமயத்தைக் கடந்து வந்தனர். அவர்களுக்கு உடனடியாகக் கிடைத்த வேலை மலைப்பகுதிகளில் சாலை அமைக்கும் பணியே. பெற்றோர் இருவரும் பகல் முழுவதும் கல்லுடைக்கும் இடத்தில் இருக்க, குழந்தைகள் சாலையோரக் கூடாரங்களிலேயே விடப்பட்டனர். வெப்பநிலை மாற்றம், ஊட்டக்குறைவு, காசநோய் ஆகியவை அவர்களை வாட்டின.

1960 மே 17 அன்று ஜம்மு பகுதிச் சாலைப் பணி முகாம்களிலிருந்து நோயுற்று மெலிந்த 51 குழந்தைகள் தர்மசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். தலாய் லாமாவின் தமக்கையார் ட்செரிங் டோல்மா அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1964-இல் அவர் மறைந்த பின்னர் இளைய சகோதரியார் ஜெட்சுன் பெமா அப்பொறுப்பைத் தொடர்ந்தார். குழந்தைகள் காப்பகமாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1972-இல் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்னும் பெயரில் பதிவு பெற்றது.

இங்குக் கவனிக்க வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, அக்குழந்தைகளில் பலருக்குப் பெற்றோர் இருந்தனர். அவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது போரன்று, பிழைப்புக்கான தொழில். குழந்தை முகாமில் பாதுகாப்பற்று இருப்பதற்குப் பெற்றோரின் கவனக்குறைவே காரணம் என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்த்தல் நலம். வேலைத் தலத்திலேயே குழந்தைகள் காப்பகம் அமைப்பது, பிள்ளைகளைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்புவதைவிடச் செலவு குறைந்ததும் குடும்பத்தைக் காப்பதும் ஆகும். இரண்டாவது, நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே கூடத்தில் வளர்க்கும் முறை காலப்போக்கில் கைவிடப்பட்டது. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு வளர்ப்புத் தாய், பல வயதுக் குழந்தைகள் உடன்பிறந்தோர் போல் சேர்ந்து வாழ்தல், வீட்டு வேலைகளைப் பகிர்தல் என்ற குடும்ப முறை கைக்கொள்ளப்பட்டது. நிறுவனத்தைத் தவிர்க்க இயலாத இடத்தில் அதைக் குடும்பத்தின் சாயலில் அமைப்பதே சிறந்தது என்பதற்கு இது சான்று.

திபெத்தியக் குழந்தைகளுக்கெனப் பள்ளிகளை நடத்துவதற்கு மத்திய அரசு 1961-இல் தன்னாட்சி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு முன்பே, 1960 மார்ச்சில் முசூரியில் முதற் பள்ளி தொடங்கிவிட்டது. கர்நாடகத்தின் பைலகுப்பே முதலிய வேளாண் குடியிருப்புகளில் நிலமும் பள்ளியும் சேர்ந்தே வழங்கப்பட்டன. தாய்மொழியும் பண்பாடும் குன்றாமல், அதே வேளையில் இந்தியத் தேர்வு முறையிலும் தேர்ச்சி பெறுமாறு கல்வி அமைந்தமையால், அடுத்த தலைமுறையினர் உதவித் தொகையை நம்பாமல் தொழில் தேடிக்கொள்ள முடிந்தது. அகதிக் கல்விக்குச் செய்யும் செலவு ஒரு முதலீடே என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை எனலாம்.

மூன்றாம் கட்டம்: 1971

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோரின் தொகை வேறெந்த நிகழ்ச்சியோடும் ஒப்பிட இயலாதது. அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் சுமார் 98.99 லட்சம் பேர் இந்திய மண்ணில் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 68 லட்சம் பேர் 825 முகாம்களிலும், ஏனையோர் உறவினர், நண்பர் இல்லங்களிலும் தங்கினர். மேற்கு வங்கம் மட்டும் ஏறத்தாழ 75 லட்சம் பேரை ஏற்றது. திரிபுராவுக்கு வந்தோர் சுமார் 14 லட்சம். அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி திரிபுராவின் மக்கள்தொகையே 15.56 லட்சம்தான்.

மழைக்காலத்தில் காலராவும் சவலை நோயும் ஒன்றுசேர்ந்து குழந்தைகளைத் தாக்கின. வனகாவ் மருத்துவமனையில் இடமின்றித் தரையிலேயே நோயாளிகள் கிடத்தப்பட்டனர். நரம்பு வழியாகச் செலுத்தும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலனபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கலக்கும் பொடியைக் கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டி அனுப்பச் செய்தார். அக்கரைசலை நோயாளியின் உறவினரே, பெரும்பாலும் தாய்மாரே, கோப்பையில் ஊற்றிப் புகட்டினர். எட்டு வார காலத்தில் சுமார் 3,700 நோயாளிகள் இம்முறையில் கவனிக்கப்பட்டனர். முன்னர் 30 விழுக்காடு வரையில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. இன்று உலகெங்கும் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கப்படும் வாய்வழிக் கரைசலின் பயன் மக்கள் முன்னிலையில் பெருமளவில் மெய்ப்பிக்கப்பட்ட களங்களுள் இந்த அகதி முகாமும் ஒன்று. அம்மருத்துவருக்கு அவர் மறைவுக்குப் பின், 2023-இல், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

ஊட்டக்குறைவைச் சமாளிக்க இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், யூனிசெப் முதலியவற்றின் துணையுடன் ஆபரேஷன் லைஃப்லைன் என்னும் திட்டம் செயற்படுத்தப்பட்டது. சிறு குழந்தைகள் அனைவருக்கும் துணையுணவு வழங்கும் மையங்கள் ஒரு படி. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவு ஊட்டும் மையங்கள் மற்றொரு படி. குடும்பத்துக்கு வழங்கும் தானியப் பங்கீட்டை உயர்த்தினாலே போதும் என்ற கருத்து கைவிடப்பட்டு, குழந்தையை நேரடியாக அணுகும் முறை வகுக்கப்பட்டது. மூட்டை மூட்டையாக அரிசி வந்திறங்கிய முகாமிலும் குழந்தை பட்டினியால் இறக்கக்கூடும் என்பதை அதிகாரிகள் நேரில் கண்டதன் விளைவு இது. பெரியவர்களுக்குரிய உணவைக் கைக்குழந்தை உண்ண இயலாது. நோயுற்ற குழந்தை கேட்டு வாங்கவும் இயலாது.

தாயே முதன்மையான பாதுகாப்புப் பணியாளர் என்பது இக்கட்டத்தின் பாடம். எளிய கருவியும் தெளிவான விளக்கமும் அவள் கையில் சேர்ந்தால், நூறு பணியாளர் செய்ய இயலாததை அவள் செய்துவிடுகிறாள்.

இன்றைய சட்ட நிலை

அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலும் 1967-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. வெளிநாட்டவர் பற்றிய பொதுச் சட்டங்களே அவர்களுக்குப் பொருந்தும். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் இடத்தில் இப்போது 2025-ஆம் ஆண்டுக் குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் உள்ளது. இதனால் அகதிக் குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழையான கருத்து.

அரசமைப்பின் 21-ஆம் பிரிவு குடிமகன் என்று கூறாமல் எந்த ஒருவரும் என்றே கூறுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்கள் தொடர்பாகத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தொடுத்த வழக்கில், உயிர்வாழும் உரிமை குடியுரிமை அற்றோருக்கும் உரியது என்று உச்சநீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது. குழந்தை உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பரில் ஏற்றது. அதன் 22-ஆம் பிரிவு அகதிக் குழந்தைக்குப் பாதுகாப்பும், குடும்பத்தைத் தேடித் தரும் உதவியும் அளிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலுள்ள ஒவ்வொரு குழந்தையையும் குறிக்கிறது.

முகாம் அதிகாரி அன்றாடம் கையாள வேண்டியது 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமே. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்பதற்கு அது தரும் வரையறையில், ஆயுதப் போராட்டத்தாலோ உள்நாட்டுக் கலவரத்தாலோ பாதிக்கப்பட்ட குழந்தையும் அடங்கும். அத்தகைய குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பர். உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை, 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். முகாம் அமைதி குலையும் என்ற அச்சத்தால் அதனை மறைப்பது தண்டனைக்குரிய செயலாகும். 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் முகாமில் வாழும் குழந்தைக்கும் உரியதே.

முகாமில் செய்ய வேண்டிய பணிகள்

முதலாவது, பதிவு. ஒவ்வொரு குழந்தையையும் அதன் சொந்தப் பெயரில், வயது, பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், இப்போது யாருடன் இருக்கிறது, அவருடன் என்ன உறவு ஆகிய விவரங்களுடன் தனி வரியில் பதிய வேண்டும். இதன் இன்றியமையாமையை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆயிரம் குடும்பங்களும் ஐயாயிரம் பேரும் உள்ள ஒரு முகாமில் இரண்டாயிரம் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு இருவர் பெற்றோரைப் பிரிந்து பிறருடன் வாழ்வதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் நாற்பது குழந்தைகள் உள்ளனர். பங்கீட்டுப் பதிவேட்டில் இந்நாற்பது பேரும் ஏதோ ஒரு குடும்பத்தின் எண்ணிக்கையில் சேர்ந்தே இருப்பர். வழங்கிய அரிசிக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் இடையே ஒரு கிலோ வேறுபாடும் தோன்றாது. தணிக்கையில் குறையே இல்லாத அப்பதிவேடு, நாற்பது குழந்தைகளைப் பற்றி ஒன்றுமே சொல்லாத பதிவேடாகவும் இருக்கும்.

இரண்டாவது, சொற்களில் தெளிவு. பெற்றோர் இறந்துவிட்டனர் என்று உறுதிப்பட்ட குழந்தையே அநாதை. பெற்றோரைப் பிரிந்து உறவினருடன் இருக்கும் குழந்தை பிரிந்த குழந்தை. பெரியவர் எவருமின்றி வந்த குழந்தை துணையற்ற குழந்தை. இம்மூவரையும் அநாதைகள் என ஒரே பெயரால் குறித்துவிட்டால், தேடும் பணி அன்றே நின்றுவிடும். தத்தெடுக்க விரும்புவோர் மறுநாளே வருவர். தத்தளிப்பதற்கு முன் பெற்றோரைத் தேட உரிய முயற்சி செய்து, குழந்தைகள் நலக் குழு முறையாக அறிவிக்க வேண்டும் என்பதே சட்டம். எல்லைக்கு அப்பால் தாய் உயிருடன் இருக்கக்கூடிய நிலையில் அவசரம் காட்டுவது தொண்டாகாது.

மூன்றாவது, தேடலும் இணைத்தலும். வழியில் பிரிந்த குழந்தையின் நினைவு நாளுக்கு நாள் மங்கும். ஆகவே வந்து சேர்ந்த முதல் சில நாட்களிலேயே, அதன் மொழி அறிந்த ஒருவர், குறிப்பாகப் பெண் பணியாளர், அமைதியாகப் பேசி, ஊர், ஆறு, கோயில் அல்லது பள்ளிவாசல், தந்தையின் தொழில், தாயை வீட்டில் அழைக்கும் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு மாவட்டத்தின் பெயர் தெரியாது. வீட்டு மாட்டின் பெயர் தெரியும். அதுவும் ஒரு தடயமே. நிழற்படமும் குறிப்பும் பக்கத்து முகாம்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் அனுப்பப்பட வேண்டும். ஆனால் அவை பொது இடத்தில் ஒட்டப்படலாகாது. பெற்றோர் எனப் பொய்யாக உரிமை கொண்டாடுவோரும் உண்டு. உரிமை கோருவோரைக் குழந்தையின் கூற்றுடன் ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே ஒப்படைத்தல் வேண்டும்.

நான்காவது, தற்காலப் பராமரிப்பு. ஒரே ஊரிலிருந்து வந்த குடும்பத்துடன் குழந்தையை வைப்பதே தனி இல்லத்தில் சேர்ப்பதைவிடப் பெரும்பாலும் நன்று. உடன்பிறந்தோரைப் பிரிக்கலாகாது. வளர்க்கும் குடும்பத்தை மாதம் ஒரு முறையேனும் பணியாளர் சென்று காண வேண்டும். குழந்தை பள்ளிக்குச் செல்கிறதா, அவ்வீட்டுப் பிள்ளைகளோடு ஒருசேர உண்கிறதா, அல்லது தண்ணீர் சுமக்கும் வேலைக்காரனாக இருக்கிறதா என்பது ஐந்து நிமிடப் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாவது, முகாமின் அமைப்பு. கழிப்பிடம் தொலைவில், விளக்கின்றி இருந்தால் பெண் குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து எந்த அறிக்கையிலும் வராது. அவர்கள் இரவில் நீர் அருந்துவதை நிறுத்திக்கொள்வர். கழிப்பிடத்துக்கு உள்தாழ்ப்பாள், நடைபாதைக்கு விளக்கு, குழாயடிக்கு அருகாமை, தங்குமிடத்துக்குத் தடுப்பு ஆகியவை பொறியாளரின் பொறுப்பெனக் கருதப்பட்டாலும், குழந்தைப் பாதுகாப்பில் இவற்றின் பங்கு பெரிது.

ஆறாவது, பள்ளி. முகாமில் பள்ளி என்பது எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று. குழந்தையின் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருவதும், ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவர் அதன் முகத்தைப் பார்ப்பதற்கு வழி செய்வதும் பள்ளியே. இரண்டு நாள் வராத பெயரை விசாரிக்கும் ஆசிரியர், கடத்தலையும் குழந்தைத் திருமணத்தையும் முதலில் அறியக்கூடியவர். வருகைப் பதிவேடு பாதுகாப்புப் பதிவேடும் ஆகும். ரோகிங்கியாக் குழந்தைகள் தொடர்பான வழக்கில், அவர்கள் அரசுப் பள்ளிகளை நேரடியாக அணுகலாம் என்றும், இடம் மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்தை நாடலாம் என்றும் உச்சநீதிமன்றம் 2025-இல் தெரிவித்தது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நெடுங்காலக் குடியிருப்புகள்

அவசர கால முகாம் சில திங்களில் கலைந்துவிட வேண்டும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். 1971-இன் அகதிகளுள் பெரும்பாலோர் 1972 மார்ச்சுக்குள் தாயகம் திரும்பிவிட்டனர். ஆயினும் அது விதிவிலக்கு. பல முகாம்கள் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்துவிடுகின்றன. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்களுள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில், 2021-ஆம் ஆண்டிலும் வாழ்ந்துவந்தனர். அவர்களுள் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள்.

இத்தகைய குடியிருப்பில் ஆபத்தின் தன்மை மாறுகிறது. காலராவும் பட்டினியும் பின்னடைகின்றன. படிப்பை இடையில் நிறுத்துதல், இளவயது உழைப்பு, இளவயதுத் திருமணம், படித்தும் வேலை கிடைக்காத சோர்வு ஆகியவை முன்வருகின்றன. இவற்றைத் தடுப்பதற்கு முதற் கருவி பிறப்புச் சான்றிதழே. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி நம் மண்ணில் நிகழும் ஒவ்வொரு பிறப்பும் பதியப்பட வேண்டியது. பெற்றோரின் குடியுரிமை அதற்குத் தடையன்று. 21 நாட்களுக்குள் தெரிவிக்கப்படும் பிறப்புக்குக் கட்டணமும் இல்லை.

பிறப்புச் சான்றிதழ் தானாகவே குடியுரிமையைத் தருவதில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்கள். அதன் பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலாகாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஆகவே பிறந்த நாளுக்குச் சான்று இருப்பதும் இல்லாததும் ஒருவரின் வாழ்வையே மாற்றக்கூடும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது. அவர் கையில் இருந்த வலுவான ஆவணம், எப்போதோ ஓர் எழுத்தர் தம் கடமையைச் செய்து எழுதி வைத்த பிறப்புப் பதிவு. அந்த எழுத்தர் தாம் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவருக்கு நாட்டைத் தேடித் தரப்போவதை அறிந்திருக்க மாட்டார்.

வயதுச் சான்றுக்கு வேறு பயன்களும் உண்டு. பள்ளிச் சேர்க்கை, உழைப்புத் தடை, பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணின் திருமணத்தைத் தடுத்தல், குற்ற வழக்கில் சிறுவர் எனக் கருதப்படுதல் ஆகிய அனைத்தும் வயதைச் சார்ந்தவை. தமிழ்நாட்டு முகாம்களில் வழங்கப்படும் மாத உதவித் தொகையும் பன்னிரண்டு வயதை எல்லையாகக் கொண்டே பிரிக்கப்பட்டுள்ளது. வயது என்பது அகதிக் குழந்தை கையில் வைத்திருக்கும் சொத்துகளுள் முதன்மையானது.

பொருளாதார நோக்கு

இப்பணிகளுக்கெல்லாம் பணம் எங்கே என்ற வினா எழும். மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை புதிய பணத்தைக் கோரவில்லை என்பதைக் காண்க. தனிப் பதிவேட்டுக்குத் தேவை கூடுதல் பத்திகளும் பயிற்சி பெற்ற இரு பணியாளரும். தாழ்ப்பாளும் விளக்கும் சில நூறு ரூபாய்ச் செலவு. அங்கன்வாடியும் பள்ளியும் பெரும்பாலும் அருகிலேயே உள்ளன. முகாமின் குழந்தைகளை அவற்றின் எண்ணிக்கையில் சேர்க்கும் ஆணையே வேண்டுவது.

இதற்கு மாறாக, புறக்கணிப்பின் செலவு பெரிது. ஆயினும் அது எந்த ஒரு துறையின் கணக்கிலும் முழுமையாக வருவதில்லை. மருத்துவமனையில் சிறிது, காவல் நிலையத்தில் சிறிது, நீதிமன்றத்தில் சிறிது, கைத்தொழில் கற்காத இளைஞரின் இழந்த வருவாயில் பெரும்பகுதி எனச் சிதறிக்கிடப்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பொருளாதாரம் பயின்றோர் இதனைப் புறவிளைவுச் செலவு என்பர். தாயகம் திரும்பும் குழந்தையாயினும், இங்கேயே தங்கும் குழந்தையாயினும், கல்வியும் உடல்நலமும் பெற்றிருப்பது இரு நாடுகளுக்கும் ஆதாயமே.

யாருடைய பொறுப்பு?

முகாமில் வருவாய்த்துறை உண்டு, காவல்துறை உண்டு, சுகாதாரத்துறை உண்டு, தொண்டு நிறுவனங்களும் உண்டு. குழந்தைப் பாதுகாப்பு இவை அனைத்தின் எல்லையிலும் நிற்கிறது. ஆதலின் இவற்றுள் எதன் நடுவிலும் இருப்பதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இயங்குவதாலும், முகாம் நிர்வாகமும் பொதுவாக அவரது கண்காணிப்பில் இருப்பதாலும், இவ்விரண்டையும் இணைக்கும் முடிச்சு அவர் கையிலேயே உள்ளது. ஒவ்வொரு முகாமுக்கும் பெயர் குறித்து ஒரு குழந்தைப் பாதுகாப்பு அலுவலரை நியமித்தல், மாதந்தோறும் அவரது பதிவேட்டைப் பங்கீட்டுப் பதிவேட்டுடனும் பள்ளி வருகைப் பதிவேட்டுடனும் ஒப்பிடுதல், முகாம் குழுவில் தாய்மாருக்கு இடமளித்தல் ஆகிய மூன்றும் நடைபெற்றால், மற்றவை தாமே ஒழுங்குபெறும்.

ஆய்வுக்காக முகாமுக்குச் செல்லும் அதிகாரி கிடங்கில் இருப்பைச் சரிபார்ப்பார். ரொக்கப் புத்தகத்தில் கையொப்பமிடுவார். அவற்றோடு, பதிவேட்டில் ஏதேனும் ஒரு குழந்தையின் பெயரைத் தம் விருப்பப்படி சுட்டி, அக்குழந்தை இப்போது எங்கே என்று கேட்பாராக. கால் மணி நேரத்தில் அக்குழந்தை அவர் முன் வந்து நின்றால் அம்முகாமில் பாதுகாப்புப் பணி நடைபெறுகிறது என்று கொள்ளலாம். வரவில்லையாயின், எஞ்சிய ஆய்வை ஒத்திவைத்து அக்குழந்தையைத் தேடப் புறப்படுவதே அவரது அன்றைய கடமை.